பானை ஓடு பொறுக்கி என்ன தெரிந்துவிடப் போகிறது?

கேள்வி: திண்டிவனம் வாசகர், ஜனவரி 4

யவனர் வந்தது, மது கொண்டுவந்தது, பொன் கொடுத்து மிளகு வாங்கிப் போனது எல்லாம் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. பிறகு எதற்கு அகழாய்வு என்று இத்தனை செலவு செய்து, வெயிலில் உட்கார்ந்து ஓடு பொறுக்க வேண்டும்? நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தானே மண்ணும் சொல்கிறது? புதிதாக ஒன்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 4, இரவு 9.50

"யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்." புறநானூறு 56, நக்கீரர் பாட்டு. நீங்கள் சொல்கிற மது இதுதான். எனக்கும் மனப்பாடமான அடி. அதையே எடுத்துக்கொள்வோம். அந்தத் தேறல் எந்த ஊரில் பிழிந்தது? எந்தக் கரையில் இறங்கியது? எந்த நூற்றாண்டில்? பாண்டியன் பொற்கலத்தில் குடித்தான், சரி. கரையில் அந்தச் சாடியைச் சுமந்து இறக்கியவர் ராத்திரி எந்தச் சட்டியில் சோறு தின்றார்? அரசனைப் பாட எழுந்த பாட்டு இதையெல்லாம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

நான் அரியாங்குப்பத்துக்காரன். புதுச்சேரிக்குத் தெற்கே, ஆறு கடலோடு சேர்வதற்குச் சற்று முன், காக்காயன்தோப்பில் அரிக்கமேடு என்ற பழைய துறைமுக மேடு இருக்கிறது. அங்கே தோண்டியதில் ஆம்போரா என்கிற சாடியின் உடைசல்கள் நிறையக் கிடைத்தன. இரண்டு கைப்பிடி, நீண்ட கழுத்து, கூர்ந்த அடி. தரையில் தானாக நிற்காது, கப்பலுக்குள் அடுக்குவதற்கென்றே செய்த வடிவம். எலிசபெத் வில் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த உடைசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கைப்பிடியின் வளைவையும் மண்ணின் தன்மையையும் கொண்டு, எது எங்கே செய்தது என்று பிரித்தார். கிரேக்கத்துக் கோஸ் தீவின் மதுச்சாடி வந்திருக்கிறது, இத்தாலியினுடையதும் வந்திருக்கிறது. ஆலிவ் எண்ணெய்ச் சாடியும் இருந்தது. ஸ்பெயின் பக்கத்திலிருந்து மீன் சாறு, அதாவது உப்பில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு வடித்த மீன் குழம்பு, அதுவும் நம் கரையில் இறங்கியிருக்கிறது.

மீன் சாறு எந்தச் சங்கப் பாட்டில் இருக்கிறது என்று காட்டுங்கள். புதிதாக ஒன்று கேட்டீர்களே, முதலில் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 5, காலை

உடைந்த ஓட்டில் தேதி எங்கே எழுதியிருக்கிறது என்று மதுரை நண்பர் கேட்கிறார். விரிவாகச் சொல்ல வேண்டிய இடம் இது.

இத்தாலியில் அரெஸ்ஸோ என்று ஓர் ஊர். அங்கே சிவப்பு மெருகு பூசிய தட்டும் கிண்ணமும் செய்தார்கள். பட்டறைக்காரர் தன் பெயரைத் தட்டின் நடுவில் முத்திரையாகக் குத்திவிடுவார். எந்தப் பட்டறை எப்போது இயங்கியது என்பது ஐரோப்பாவில் நன்றாக ஆராயப்பட்ட விஷயம். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவோடு அந்தச் சரக்குக்கு மவுசு போய்விட்டது. அந்தத் தட்டின் உடைசல் அரிக்கமேட்டில் கிடைத்தது. 1945 ஏப்ரலில், அப்போது இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது, அதே அடுக்கில் கூடவே என்னென்ன உள்ளூர்ப் பானைகள் கிடந்தன என்பதைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஆற்றங்கரை என்பதால் குழிக்குள் தண்ணீர் ஊறும். பம்பு வைத்து இறைத்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

கூடக் கிடந்தவற்றில் ஒன்று ரௌலட்டட் தட்டு. விளிம்பு உள்பக்கம் மடங்கியிருக்கும், உள்ளே அடியில் சின்னச் சின்னக் கீறல்களால் ஆன வட்டங்கள் இருக்கும், சுண்டினால் கணீரென்று கேட்கும். அரெஸ்ஸோ தட்டோடு கிடந்ததால் இதற்கும் ஒரு காலம் கிடைத்துவிட்டது. 1947இல் வீலர் கர்நாடகத்துப் பிரம்மகிரிக்கும் சந்திரவள்ளிக்கும் போனார். அங்கேயும் இதே தட்டு வந்தது. சந்திரவள்ளியில் ரோமானியப் பேரரசர் திபேரியஸின் நாணயமும் கிடைத்தது. பிரம்மகிரியில் இந்தத் தட்டு வருகிற அடுக்குக்குக் கீழே பெருங்கற்கால மக்களின், அதாவது இறந்தவர்களுக்குப் பெரிய கற்களால் நினைவிடம் எழுப்பியவர்களின் அடுக்கு இருந்தது. ஆக, ஊர் ஊராகக் கேட்பாரற்றுக் கிடந்த கல்திட்டைகளுக்கும் கல்வட்டங்களுக்கும் முதன்முதலாக ஒரு கால அளவு வாய்த்தது.

கரி, விதை போன்றவற்றில் மிஞ்சியிருக்கும் கரிமத்தை அளந்து வயது சொல்கிற கரிமக் கணிப்பு வருவதற்கு முன்னால் நடந்தது இது. அமெரிக்க வேதியியலாளர் லிப்பி அந்த முறையை வெளியிட்டது 1949இல். வீலர் தோண்டும்வரை தென்னிந்தியாவின் பழங்காலத்துக்கு மண்ணிலிருந்து நம்பகமான ஒரு தேதி கிடையாது. எங்கோ ஒரு குயவர் குத்திய முத்திரை அதைத் தொடங்கிவைத்தது. முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஜனவரி 5, மாலை

வீலர்தான் அரிக்கமேட்டைக் கண்டுபிடித்தாரா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. 1769இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீய் இங்குள்ள பழைய எச்சங்களைப் பற்றி எழுதினார். (அன்று பார்த்து மேகம் மூடிவிட்டது. வருஷக்கணக்காகக் காத்திருந்தவர், பாவம்.) 1930களில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் இங்கே மணிகளையும் உருவம் செதுக்கிய மணிக்கற்களையும் சேகரித்து, ரோமானியத் தொடர்பை ஊருக்குச் சொன்னார். வீலர் பார்த்தது சென்னை அருங்காட்சியக அலமாரியில் இருந்த ஆம்போராத் துண்டை. அதன் பிறகுதான் புதுச்சேரிக்கு ஓடிவந்தார்.

ஜனவரி 7

துப்ரேய் பெயரை எழுதியதும் எங்கள் வீட்டு நினைவு வந்தது. மழை விட்ட மறுநாள் மேட்டில் மணி கிடைக்கும். சிவப்பு, கறுப்பு, பச்சை, எள்ளளவு கண்ணாடி மணிகள். அதிர்ஷ்டம் இருந்தால் சூதுபவளம். பிள்ளைகள் பொறுக்கி டப்பாவில் போட்டுவைப்போம், நூலில் கோத்துப் பாவாடைக்காரிகள் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். கேட்டு வருகிறவர்களுக்குப் பெரியவர்கள் சில்லறைக்குக் கொடுத்ததும் உண்டு.

பின்னால் வரலாறு படிக்கப் போனபோது அந்த டப்பாவை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஆசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த ஆழத்தில் எடுத்தது?" என்னிடம் பதில் இல்லை. மணி அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது கி.மு.வா, சோழர் காலமா, பக்கத்தில் உலை இருந்ததா, பிணக்குழி இருந்ததா, எதுவும் அதிலிருந்து தெரியாது. திண்டிவனம் நண்பருக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான். நாங்கள் செய்தது ஓடு பொறுக்குவது. அகழாய்வாளர் செய்வது, ஓடு கிடந்த இடத்தைப் படிப்பது. பொருளைவிட அது எதற்கு மேலே, எதற்குக் கீழே, எதனோடு கிடந்தது என்பதுதான் செய்தி. பொருளை எடுத்தவுடன் அந்த இடம் போய்விடும், திரும்ப வராது. அதனால்தான் அவர்கள் ஒவ்வொரு சாணையும் அளந்து வரைகிறார்கள். அதனால்தான் நாள்கணக்கில் ஆகிறது.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

மணியைப் பற்றி இன்னும் கொஞ்சம். அந்தக் கண்ணாடி மணிகளைப் பீட்டர் பிரான்சிஸ் என்ற ஆய்வாளர் நெடுங்காலம் ஆராய்ந்தார். உருகிய கண்ணாடியை உள்ளே துளையோடு நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சூடேற்றி முனை மழுக்குவது இதன் தொழில்நுட்பம். அரிக்கமேடு இதன் பழைய மையங்களில் ஒன்று. கழிவுகளும் அரைகுறை மணிகளும் இங்கேயே கிடைத்ததால், வாங்கி வைத்த சரக்கில்லை, இங்கே செய்த சரக்கு என்று துணிந்து சொல்ல முடிந்தது. இந்த வகை மணி தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவியிருக்கிறது. ஆந்திரத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் அதே குழாய் இழுக்கும் முறை நம் காலம்வரை வந்திருக்கிறது.

முழு மணியைவிட உடைந்து வீணான மணி அதிகம் பேசும். பட்டறை இருந்த இடத்தில்தானே கழிவு கிடக்கும்.

ஜனவரி 10

"அரிக்கமேடு ரோமானியர் கட்டிய ஊர்" என்று இன்னும் எழுதுகிறார்கள். நேற்றுகூட ஒருவர் அனுப்பியிருந்தார். துப்ரேய் காலத்துப் பேச்சு அது. வீலருக்கும் ஓரளவு அந்தச் சாய்வு இருந்தது. ஏதோ மீனவர் குடியிருப்பு, யவனர் வந்ததும் திடீரென்று துறைமுகமாக மாறியது என்பது அவர் பார்வை.

இதை மாற்றியதும் மண்தான். 1947-50இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான் மரி கசால் தோண்டியபோது அரெஸ்ஸோ தட்டு வருவதற்கு முந்தைய அடுக்குகளில் கறுப்பு-சிவப்புப் பானைகள் வந்தன. பக்கத்துச் சுத்துக்கேணி ஈமக்காடுகளில் கிடைக்கிற பானைகளோடு உறவுள்ளவை. அப்படியென்றால் யவனர் வரும்முன்னே இங்கே நம்மவர் ஊர் இருந்தது. தொல்லியலாளர் விமலா பெக்லி 1980களில் பழைய குறிப்புகளையும் படங்களையும் மறுபடி எடுத்து அலசினார். 1989 முதல் 1992 வரை சென்னைப் பல்கலைக்கழகத்து கே.வி. ராமனோடு சேர்ந்து மீண்டும் தோண்டினார். அவர் கணிப்பில் ஊரின் தொடக்கம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்கோ அதற்கும் முன்போ போகிறது. ரோமானியச் சரக்கு நின்ற பிறகும் ஊர் நின்றுவிடவில்லை.

ஆக, மணி செய்தவர், செங்கல் அறுத்தவர், சரக்கு சேர்த்து வைத்தவர் எல்லாரும் இந்த மண்ணின் மக்கள். யவனர் வந்து போன வாடிக்கைக்காரர்கள். வீலர் நேர்த்தியாக வரைந்து, அளந்து, வெளியிட்டு வைத்திருந்ததால்தான் அவர் முடிவை அவர் குறிப்புகளைக் கொண்டே இன்னொருவர் திருத்த முடிந்தது. எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை குறையவில்லை, கூடத்தான் செய்கிறது.

ஜனவரி 11

ரௌலட்டட் தட்டுக்கும் இதே கதை நடந்தது. மத்திய தரைக்கடல் கைவேலை என்று முதலில் நினைத்தார்கள். விஸ்வாஸ் கோக்டே என்ற ஆய்வாளர் ஓட்டின் களிமண்ணை எக்ஸ் கதிர் வைத்துப் பார்த்தார். அது கங்கை கழிமுகப் பக்கத்து மண்ணோடு ஒத்துப்போகிறது என்று 1997இல் எழுதினார். இதே வகைத் தட்டு இலங்கை அனுராதபுரத்திலும் பாலித் தீவின் செம்பிரானிலும் கிடைத்திருக்கிறது.

பட்டினப்பாலையில் புகார் கடைத்தெருவில் குவிந்த பொருள்களைச் சொல்லும்போது "கங்கை வாரியும் காவிரிப் பயனும்" என்று வருமே, எத்தனை முறை படித்திருப்பேன்! கங்கையிலிருந்து என்ன வந்தது என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? வந்த சரக்கில் ஒன்று எங்கள் ஊர் மேட்டில் உடைந்து கிடந்திருக்கிறது. பாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை தம்பி. ஓட்டைப் பார்த்த பிறகு பாட்டு எனக்கு இன்னும் ஆழமாகப் படுகிறது.

ஜனவரி 11, இரவு

ஓர் எச்சரிக்கை. சாடி கிடைத்தால் உடனே "யவனர்" என்று எழுதிவிடக் கூடாது. கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில், சங்ககால முசிறித் துறைமுகம் என்று பலர் கருதுகிற இடத்தில், உள்ளே தார் பூசிய நீளச் சாடிகளின் துண்டுகளும் வந்தன. கைப்பிடி கிடையாது. இந்தியாவில் ரோமானிய ஆம்போரா என்று கணக்கில் சேர்த்திருந்த பலவற்றை ரொபெர்ட்டா டாம்பர் என்ற ஆய்வாளர் மறுபடி பார்த்து, இந்த வகை மெசபொத்தேமியப் பக்கத்துச் சாடி என்று பிரித்துக் காட்டினார். அதோடு பாரசீக வளைகுடா வியாபாரத்தின் வரைபடமே நமக்குப் புதிதாகத் திறந்தது.

ஜனவரி 14

பொங்கல் வேலை. சுருக்கமாக.

நம்மவர் வெளியே போனதற்கு மண்ணில் சாட்சி உண்டா என்று கேட்டவருக்கு: எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே. அங்கே கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடிக்குள் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு இருந்தது. அதே ஊரில் "கொற்பூமான்" என்று தமிழ்ப் பிராமியில் கீறிய ஓடு. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தது. வடக்கே குசேர் அல்-காதிமில் "கண்ணன்", "சாதன்" என்ற பெயர்கள். பின்னால் அங்கேயே "பானை ஒறி", அதாவது உறியில் தொங்கவிடும் பானை, என்று இரண்டு முறை கீறிய சாடித் துண்டு. கிழக்கே தாய்லாந்தின் குவான் லுக் பட்டில் "பெரும்பதன் கல்" என்று பொறித்த உரைகல்.

பெரும்பதன் ஒரு பொற்கொல்லர். பொன்னை உரைத்துப் பார்க்கிற கல்லைக் கூடவே எடுத்துக்கொண்டு கடல் தாண்டியிருக்கிறார், பேரையும் வெட்டி வைத்திருக்கிறார். எந்தப் புலவரும் அவரைப் பாடவில்லை. அந்தச் சிறிய கல் மட்டும் இல்லாவிட்டால் அவர் இருந்ததே நமக்குத் தெரியாது. நான் தொல்லியலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பதன் போன்றவர்களுக்காக.

ஜனவரி 18

மதுரை பக்கத்துக் கீழடி எவ்வளவு பழையது என்ற கேள்விக்கு வந்துவிட்டீர்கள், எதிர்பார்த்ததுதான். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரிக்கு கி.மு. 580 என்று தேதி வந்தது. அதை ஒட்டித்தான் எல்லாச் சண்டையும். நான் எந்தப் பக்கமும் கத்தப் போவதில்லை. தேதி எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

கரிமக் கணிப்பு கரிக்குத்தான் வயது சொல்லும். பக்கத்தில் கிடக்கிற எழுத்துப் பொறித்த ஓட்டுக்கு வயது சொல்லாது. இரண்டும் ஒரே அடுக்கில், கலையாமல், சேர்ந்து கிடந்தன என்று அகழாய்வாளர் நிறுவினால்தான் அந்த வயது ஓட்டுக்கும் பொருந்தும். எலி வளை, பின்னால் வெட்டிய குப்பைக்குழி, கிணறு, எது வேண்டுமானாலும் அடுக்கைக் கலைத்துவிடும். இன்னொன்று: கரி ஒரு பழைய மரத்தின் உள்வைரத்திலிருந்து வந்திருந்தால், அடுப்பில் எரிந்த நாளைவிட அதன் வயது கூடுதலாகக் காட்டும். அதனால்தான் பழனி பக்கத்துப் பொருந்தலில் கா. ராஜன் குழுவினர் ஈமச்சின்னத்துக்குள் சாடி நிறைய நெல்லைக் கண்டது பெரிய விஷயமாயிற்று. நெல் ஒரே பருவத்தில் விளைவது. அதன் வயதும் அறுத்த காலமும் ஒன்றுதான். அந்த நெல்லுக்கு வந்த கணிப்பு கி.மு. 490.

கீழடியில் என்னை இழுப்பது தேதியைவிட மற்றவை. உறைகிணறு, தக்களி, எலும்பில் செய்த ஊசிமுனைகள், சுடுமண் ஆட்டக்காய்கள், "ஆதன்" என்று பெயர் கீறிய பானை. எவ்வளவு பழையது என்ற கேள்விக்கு ஓர் எண்ணில் பதில் முடிந்துவிடும். எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குத்தான் இவ்வளவும் தேவைப்படுகிறது. மூத்தவர் யார் என்ற போட்டியில் ஊசியும் தக்களியும் காணாமல் போவது எனக்கு வருத்தம்.

ஜனவரி 19

குழியில் வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். படிக்கிற காலத்தில் ஒரு பருவம் உண்டு, ஓர் ஆற்றங்கரை மேட்டில். அங்கே கற்றுக்கொடுத்தவர்களில் பேராசிரியர்களுக்குச் சமமாக நான் வைப்பது, நாள்கூலிக்கு வந்த ஒரு பெரியம்மாவை. ஆயுசு முழுக்க வயல் வேலை செய்த கை. கொத்துக்கரண்டி வைத்து மண்ணைச் சுரண்டிக்கொண்டே வருவார். திடீரென நிறுத்தி, "தம்பி, இங்க மண்ணு வேற" என்பார். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் தெளித்துப் பார்த்தால் வட்டமாகக் கறுப்பு நிறம் எழும்பும். மரக்கால் நட்ட குழி! மரம் மக்கிப் போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகியும் அதன் தடம் மண்ணில் இருந்தது. அப்படி ஒவ்வொன்றாக வந்து ஒரு குடிசையின் வளைவு தெரிந்தது. அறிக்கையில் அந்த அம்மா பெயர் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

கன்னிமண் தட்டியதும் எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம். அதற்குக் கீழே மனிதக் கை படவில்லை என்று அர்த்தம். பிறகு யாராவது டீ வந்துவிட்டது என்பார்கள்.

ஜனவரி 23

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். ஏரி தூர்வாரும்போது கரையோரம் தடித்த பானை விளிம்புகள் தெரிந்தனவாம். எடுத்துக் கழுவி வைக்கட்டுமா என்று கேட்கிறார்.

கழுவ வேண்டாம், தொடவே வேண்டாம். படத்தில் வட்டமாகத் தெரிவது, இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழியின் வாயாக இருக்கலாம். அப்படியானால் பக்கத்திலேயே இன்னும் இருக்கும். அருகில் ஒரு அளவுகோலோ பேனாவோ வைத்து, கரையும் சேர்ந்து தெரியும்படி படம் எடுங்கள். இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெளியே வந்த துண்டுகளைத் தனியாக ஒரு சாக்கில் போட்டு, எந்தப் பக்கத்துக் கரை என்று சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மண்ணில் கிடைத்த பழம்பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது, ஆகவே நீங்கள் யாரிடமும் தயங்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை மறுபடி வண்டி வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தக்காரரிடம் இன்றைக்கே பேசுங்கள். முழு ஏரியையும் நிறுத்தச் சொல்ல வேண்டாம், அந்தக் கரையை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நான் பஸ் பிடித்து வருகிறேன்.